பேரம் பேசாத மனிதர்

இருமி முடித்துக் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தேன். அதன் நடுவில் யூரோ நாணயம் அளவுக்குச் சிவப்பு. அவசரமாக மடித்து மறைத்தேன்; மறைப்பது அவர் கண்ணில் படும்படி மறைத்தேன்.

வீடு பார்க்க வந்திருந்த டென்மார்க்காரர் ஹோல்ம் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. ஜன்னல் வழியாக நீஸ் துறைமுகத்தைப் பார்த்தார், அங்கே நிற்கும் பணக்காரப் படகுகளைப் பார்த்தார், கடைசியில், கால் வீக்கத்துக்காக வாரைத் தளர்த்திவிட்டிருந்த என் செருப்பைப் பார்த்தார்.

"தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது, ஐயா?" என்றார். பிரெஞ்சைப் புத்தகத்தில் படித்தவர். பேச்சும் அச்சடித்த மாதிரியே வந்தது.

"அதை ஏங்க கேக்குறீங்க!" என்று சொல்லி, இன்னொரு முறை இருமினேன்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு விற்பனை உண்டு. கிழவன் வீட்டை விற்றுவிட்டு, கண்ணை மூடும்வரை அதிலேயே இருக்கலாம். வாங்கியவர் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, பிறகு மாதாமாதம் கிழவனுக்குப் படியளக்க வேண்டும். கிழவன் போன அன்று சாவி அவருக்கு. ஆகவே கிழவன் எவ்வளவு சீக்கிரம் போவான் போலத் தெரிகிறானோ, அவ்வளவு நல்ல விலை.

எனக்கு எழுபத்தொன்பது வயது. கோர்சிகா போகும் கப்பலில் நாற்பது வருடம் காபி ஊற்றியதற்கு வரும் பென்ஷன், கட்டடத்தின் கூரைப் பழுதுக்கே காணாது. இந்தத் தடவையும் ஆள் அமையாவிட்டால், வீட்டை ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு, மலைமேல் என் தங்கை மகனோடும் அவனுடைய எட்டு ஆடுகளோடும் காலத்தைத் தள்ள வேண்டும். ஆடுகளுக்கு என்னைப் பிடிக்காது.

முன்பு வந்த சுவிஸ்காரர் என்னைப் படியில் சந்தித்ததுதான் வினையாகிவிட்டது. லிஃப்ட் இருந்தும் மூன்று மாடியும் நடந்து ஏறுவது என் பெருமை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கடலைப் பார்த்துவிட்டு, கையில் தர்பூசணியோடு ஏறிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், தர்பூசணியைப் பார்த்தார். "இவர் என்னை அனுப்பிவெச்சிட்டுத்தான் போவார்" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனவர்தான்.

அதன் பிறகு எதிர்வீட்டு மிரேய் என்னைத் தயார் செய்தாள். நாடக அரங்கு வாசலில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவள். அவளுக்குத் தெரியாத நடிப்பா?

ஹோல்ம் படுக்கையறைக்குள் போனார். அலமாரியைத் திறக்கவில்லை, குழாயைத் திருகவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூன்று தலையணைகள் உள்ளனவே?"

"ஆமாங்க, மூணையும் அடுக்கி வெச்சாத்தான் மூச்சு முட்டாம தூக்கம் வரும். வேணும்னா அதையும் பத்திரத்துல சேத்துக்கலாம்."

சிரித்தபடி கை கொடுத்தார். குளிர்நாட்டுக்காரர்களுக்குப் பாசம் அதிகம் போலும். என் மணிக்கட்டைப் பிடித்தவர் அரை நிமிடம் விடவில்லை.

மாதம் தொள்ளாயிரம் யூரோ கேட்கச் சொல்லியிருந்தாள் மிரேய். என் வாய் ஆயிரத்து எண்ணூறு என்றது.

"சம்மதம்," என்றார் ஹோல்ம்.

அவர் தலை மறைந்ததும் மிரேய் ஓடி வந்தாள். "யோவ் ஒனொரா, ஆயிரத்து எண்ணூறா! அந்த ஆளு பேரமே பேசலியா?"

"பேசலியே."

"கைக்குட்டையில பீட்ரூட் கொஞ்சம் தூக்கலாயிடுச்சோன்னு பயந்தேன்யா. பாவம், நல்ல மனுஷன்."

"என்ன பாவம்? வெளிநாட்டுல வந்து முதலீடு பண்றவன் விசாரிக்க வேணாமா? நூறு வயசு வரைக்கும் அவர் காசுல தர்பூசணி தின்னுட்டுத்தான் போவேன், பாரு."

ஆறு வாரம் கழித்து நோட்டரி அம்மா பத்திரத்தை எழுத்து விடாமல் வாசித்தார். பெயர், ஊர், தொழில் என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் புது சோபா வாங்கிக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் மட்டும் காது கொடுத்தேன்.

"இதை ரெண்டு பேரும் கவனமா கேளுங்க. விக்கிறவருக்கு இப்ப இருக்கிற நோயால, இன்னையிலேர்ந்து இருபது நாளுக்குள்ள அவர் இறந்துட்டா, இந்த விற்பனை செல்லாது."

சிரிப்பை மறைக்க எனக்கு உண்மையிலேயே இருமல் தேவைப்பட்டது. பீட்ரூட்டால் யாராவது செத்திருக்கிறார்களா?

ஹோல்ம் மட்டும் அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

கையெழுத்தாயிற்று. முன்பணம் என் கணக்குக்கு வந்தது. "போயிட்டு வாங்க, டாக்டர்," என்று நோட்டரி அம்மா அவருக்கு விடைகொடுத்தார்.

மாடியிலிருந்த அந்த ஆபீஸின் வாசலுக்கு வந்ததும் கேட்டேன். "நீங்க டாக்டரா? எதுக்கு டாக்டர்?"

"இதயத்துக்கு."

என் முகம் கைக்குட்டைக் கறையின் நிறத்துக்கு வந்தது. "அப்ப... அன்னைக்கு நான் இருமினது..."

"பீட்ரூட். முதல் இருமலிலேயே மணம் வந்துவிட்டது. சிறந்த நடிப்பு, ஐயா."

"தெரிஞ்சுமா பேரம் பேசாம ஒத்துக்கிட்டீங்க?"

அவர், படியில் கால் வைக்கப்போன என்னை, கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற பக்குவத்தோடு முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். லிஃப்ட் பொத்தானை அழுத்தினார்.

"இன்னும் இருபது நாட்களுக்கு மட்டும் தாங்கள் படியேற வேண்டாம், ஐயா."