திரும்பி வந்தது

திருத்தணி கம்ப்யூட்டர் கடையில் கதிரவன் துருவித் துருவிக் கேட்டான். "ரீஃபர்பிஷ்டுன்னா ஓட்டை உடைசலுங்களா?"

"இல்லைங்க. ஒருத்தரு வாங்கினு போனாரு, புடிக்கலன்னு திருப்பி அனுப்பிட்டாரு. இதுல ஒரு குறையும் இல்ல," என்றாள் கடைப் பெண்.

இருபத்து நாலு இஞ்ச் மானிட்டர், ஐ.பி.எஸ். பேனல். திரையை வெள்ளையாக ஒளிரவிட்டு, ஒளிராமல் செத்த புள்ளி ஒன்றுகூட இல்லை என்று காட்டினாள்.

"ஒருத்தர் வச்சினு இருந்தா என்னங்க? நல்லா இருந்தா சரி. பேக் பண்ணுங்க."

அவள் சிரித்துக்கொண்டே அட்டைப்பெட்டியை எடுத்தாள்.

அவன் செல்போன் அடித்தது. "தரகர்கிட்ட வேணாம்னு சொல்லிடும்மா. ஒருத்தன் கட்டினு திருப்பி அனுப்பின பொண்ணு நமக்கு எதுக்கு? அந்த பொதட்டூர்பேட்டை புவனா போட்டோவ நான் பாக்கக்கூட மாட்டேன்."

போனை வைத்தவன், "ஏதாச்சும் கோளாறுன்னா இங்க யாரைக் கேக்கணும்?" என்றான்.

அவள் பெட்டியை ஒட்டி முடித்து நகர்த்தினாள்.

"புவனான்னு கேளுங்க. பொதட்டூர்பேட்டை."