பானெட்டின் ராசி

ஒரு சிவப்புக் காரின் பானெட்டில் நிறமில்லாத பிலிம் ஒன்று ஒட்டியிருந்தது. ஜல்லி லாரிக்குப் பின்னால் கார் போகும்போதெல்லாம் தெறித்துவரும் கல்லை அதுதான் உடம்பில் வாங்கிக்கொள்ளும்.

வலிக்கிறதா என்று பானெட் ஒருநாளும் கேட்டதில்லை. "உன்னாலதான் என் பளபளப்பே வெளிய தெரியல" என்று சலித்துக்கொள்வதோடு சரி.

அடிபட்டு அடிபட்டுப் பிலிம் மஞ்சளாகிப் போனது. பட்டறையில் அதை உரித்தபோது, அடியில் பானெட் கல்யாணப் பெண் மாதிரி மின்னியது.

"புதுசு ஒட்டிடலாமா சார்?" என்றார் பட்டறைக்காரர்.

காரின் சொந்தக்காரர் பானெட்டைத் தடவிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லையேய்யா! கல்லே படாத வண்டிக்குப் பிலிம் எதுக்கு?"

குப்பைக்கூடைக்குள் சுருண்டு கிடந்த பிலிமுக்குப் பொறுக்கவில்லை. "நீயாவது சொல்லேன், பட்டதெல்லாம் நான்னு."

"நீ என்னத்தப் பட்டே?" என்றது பானெட். "என் ராசி அப்படி. உன் மூஞ்சிதான் அழுக்கு."

கார் கிளம்பித் தெருவில் இறங்கியது. காருக்கு முன்னால் ஜல்லி லாரி ஒன்று உறுமும் சத்தம் பட்டறைவரை கேட்டது.

கேடுகெட்ட பழக்கம்! கூடைக்குள் கிடந்த பிலிம், கல்லை வாங்க உடம்பை விரித்தது.