ஆத்தாவுக்குக் கொடுத்த பிள்ளை

"ரெண்டும் மல்லாந்து கிடக்குது. ஆத்தா சிரிக்கிறா" என்றார் பூசாரி நல்லையா. "இன்னும் ரெண்டு தடவ இருக்கு. போடுங்க."

லான்மடாவில் தையல் கடை வைத்திருக்கும் ஹக்காச் சீனர் லியாவ் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கண்புரை. தேங்காய் மூடிகள் விழுந்த இடமே அவருக்குக் குத்துமதிப்பாகத்தான் தெரிந்தது.

ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் சாமிக்குச் சம்மதம். இரண்டும் மல்லாந்தால் சிரிப்பு, அதாவது இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டும் கவிழ்ந்தால் கோபம். சீனக் கோயிலில் இதற்கென்றே மரக்கட்டைகள் உண்டு. இன்சீன் ஊர் மாரியம்மனிடம் அதற்கு எங்கே போவது? ஹக்காக்காரர்கள் ஊரோடு ஒத்து வாழத் தெரிந்தவர்கள். தேங்காய் மூடியே போதும் என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள். ஆத்தாவும் ஆட்சேபம் சொல்லவில்லை.

லியாவ் சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆத்தா, அம்மை கண்டப்போ எம் மூத்த பையன உனக்குப் பிள்ளையாக் குடுத்தேன். பொழைக்க வச்ச. எங்க வழக்கத்துல அது பேருக்குத்தான். கல்யாணத்துக்கு முன்னாடி கேட்டா சாமி திருப்பிக் குடுத்துரும். நீ இத்தன வருஷமா வச்சிருக்க. பொண்ணு பாத்துட்டேன். அவன விட்டுரு."

"பையன்கிட்ட கேட்டீங்களா?" என்றார் பூசாரி.

"நான் ஆத்தாகிட்ட பேசுறப்போ பூசாரி குறுக்க பேசக் கூடாது."

இரண்டாவது தடவை இரண்டும் கவிழ்ந்தன. பூசாரி உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"நான் செத்தா ஊதுபத்தி கொளுத்த மூத்தவன்தான் வேணும் ஆத்தா" என்றார் லியாவ். குரல் உடைந்தது.

மூன்றாவது தடவை ஒரு மூடி உருண்டு போய்த் தூணருகே மல்லாந்தது. இன்னொன்று காலடியிலேயே கவிழ்ந்து கிடந்தது.

சம்மதம். நல்லையா சந்நிதியை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சொல்றா?" என்றார் லியாவ்.

பூசாரி சத்தமில்லாமல் குனிந்து, கவிழ்ந்து கிடந்ததைத் திருப்பி வைத்தார். சந்நிதியில் பொய் சொல்வது அவருக்கு இதுதான் முதல் தடவை.

"சிரிப்புதான். அடுத்த ஆடிக்குப் பாப்போம்."

லியாவ் பெருமூச்சு விட்டபடி வாசலில் செருப்பைத் துழாவினார். பூசாரியே எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டார்.

"பாத்து ரயிலேறுங்கப்பா. ஆத்தா என்னை இன்னும் விடலன்னு அம்மாகிட்ட சொல்லிருங்க."