கழுவாத மூக்கு

இலுப்பைப்பூ தின்றால் போதை ஏறும். தின்றுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம். வாயை மோந்து பார்த்த போலீஸ் நாய், கரடியைப் பிடித்து யானை நீதிபதியின் முன்னால் நிறுத்திவிட்டது. குற்றம் நிரூபணமானால் வண்டி பறிபோகும். கரடிக்குப் பிழைப்பே அந்த வண்டிதான்.

வக்கீல் கீரி விருட்டென்று எழுந்தது. "ஏம்ப்பா ஏட்டு, கரடிக்கு முன்னால யாரைப் பிடிச்சே?"

"குரங்கைங்க. கழுத்து வரைக்கும் தின்னுருந்தான்."

"அவன் வாயை மோந்த மூக்கைக் கழுவிட்டுத்தான் கரடிகிட்ட வந்தியா?"

"நடுரோட்டுல தண்ணிக்கு எங்கே போறது?"

"கேட்டீங்களா ஐயா! ஒவ்வொரு தடவையும் மூக்கைக் கழுவணும்னு சட்டம் சொல்லுது. குரங்கு வாய் நாத்தத்துக்கு என் கட்சிக்காரன் வண்டியை இழக்கணுமா?"

யானை தும்பிக்கையால் மேசையைத் தட்டிக் கரடியை விடுதலை செய்தது.

கோர்ட்டு வாசலில் ஒரு இலுப்பை மரம். கரடி அதனடியில் கொஞ்ச நேரம் வெற்றியைக் கொண்டாடிவிட்டு, வண்டியில் ஏறிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தது.

"ஏறுங்க வக்கீலய்யா, வீட்டுல விட்டுடறேன்!"

"இறங்குடா கீழே!" என்று கத்தியது கீரி.

"நான் தின்னலைன்னு உள்ளே நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எங்கடா அப்படிச் சொன்னேன்? நாய் மூக்கைக் கழுவலைன்னுதான் சொன்னேன். நான் கழுவிட்டு வந்திருக்கேன். இறங்கு!"