பச்சை மணி

ரத்தத்திலுள்ள இரும்போடு நைட்ரிக் ஆக்சைடு எப்படிச் சேர்கிறது என்று காட்ட, கல்லூரிக் கண்காட்சிக்காக ஜெசிந்தா ஒரு மாதிரி செய்து வீட்டில் மேசைமேல் வைத்திருந்தாள். இரும்புக்குப் பெரிய கருப்பு உருண்டை, அதைச் சுற்றிப் பிடித்தபடி நான்கு நீல நைட்ரஜன் உருண்டைகள், மேலே கொஞ்சம் சாய்ந்தாற்போல் வந்து தொற்றிக்கொண்ட நைட்ரிக் ஆக்சைடு. இரண்டுக்கும் நடுவே கம்பியில் ஒரு பச்சை மணி அங்குமிங்கும் ஓடும். அதுதான் இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும் ஒற்றை எலக்ட்ரான். யாருடையது என்று அவள் துறையில் பிரித்துப் பேசுவதில்லை. இரண்டையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டுச் சேர்த்தே எண்ணுவார்கள்.

மாலையில் வந்து பார்த்தால் மணி அசையவில்லை.

“கழண்டு ஆடிச்சு, பசை வச்சுட்டேன்” என்றாள் அக்கா பிலோமினா. கணவர் இறந்தபின் ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தவள். ஜெசிந்தா வேலைக்குப் போக, அவள் மகள் மெர்லினைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள்.

ஜெசிந்தாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “எந்தப் பக்கம்க்கா ஒட்டின?”

“சின்னது பக்கம். பெரிசுக்குத்தான் சுத்தி நாலு பேர் இருக்காங்களே. இது பாவம், தனியா வந்திருக்கு.”

ஜெசிந்தா குண்டூசியால் பசையைச் சுரண்டினாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் மெர்லின் செருப்பைக் கழற்றி எறியும் சத்தம்.

“அம்மா, பசிக்குது!”

“வரேன்டி” என்று இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். மேசை ஆடிப் பசை விட்டது. மணி எந்தப் பக்கம் போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை.