ஹாலரன் வரட்டும்

"இன்னும் எத்தன நிமிஷம், ஷெரில்?"

"ஹாலரன் வரட்டும், மார்வா. அதுவரைக்கும் வண்டிய விட்டு எறங்காத" என்றது ரேடியோ.

ஷெரில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவள். இருபது வருஷமாக அந்த நகரத்துப் போலீசையும் ஆம்புலன்ஸையும் ஒரே நாற்காலியிலிருந்து மேய்க்கிறவள். குரலும் அதற்குத் தோதாகத்தான் இருக்கும்.

பகல் பன்னிரண்டே முக்கால். தெருமுனையில், முதலுதவிக்காரி மார்வாவின் ஆம்புலன்ஸ் சும்மா உறுமிக்கொண்டு நின்றது. எதிரே பழைய செங்கல் கட்டடம். அதன் மூன்றாம் மாடி பி வீட்டில் யாரோ ஒருவன் விழுந்து கிடக்கிறான். தொப்பென்ற சத்தமும், "ஐயோ நெஞ்சு" என்ற முனகலும் கேட்டதாகப் பக்கத்து வீட்டம்மாள் 911 அவசர எண்ணுக்குப் போன் செய்து ஒன்பது நிமிஷம் ஆகிவிட்டது. அந்த ஆள் குடிவந்து இரண்டு வாரம்தானாம், பெயர்கூடத் தெரியாதாம்.

போன மார்ச்சில் இதே பி வீட்டில்தான், மூச்சு முட்டுகிறது என்று கூப்பிட்டவன் மார்வாவை இரும்பு வாணலியால் அடித்தான். மணிக்கட்டில் போட்ட மூன்று திருகாணிகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. குளிர் வந்தால் குடையும். இன்று நல்ல குளிர்.

அந்த அடிக்குப் பிறகுதான் நகராட்சிக்குக் கண் திறந்தது. ஆம்புலன்ஸ்காரர்களையும் தீயணைப்புக்காரர்களையும் காப்பாற்றப் போலீசில் ஒரு தனிப்பிரிவு. ஒரு சார்ஜென்ட், ஒரு கான்ஸ்டபிள், ஒரு கார். அவ்வளவுதான் பிரிவு.

சார்ஜென்ட் ஹாலரன் ஆஸ்பத்திரிக்கே வந்தார். மாவுக்கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே இப்படி அடிதடி நடந்து சிவப்புக் குறி விழுந்த வீட்டுல, எனக்கு முன்னாடி நீ ஒரு படி ஏறினே, உன் வேலைக்கு நானே உல வச்சிருவேன்."

அன்று மார்வா அழுதுவிட்டாள். தனக்காகக் கோபப்பட நகராட்சியில் ஒரு ஆளாவது இருக்கிறாரே என்று. இன்று அந்த விதிதான் குரல்வளையைப் பிடித்தது.

"எங்கதான் போனாரு உங்க ஹாலரன்?" ஓட்டுநர் கஸ் ஸ்டியரிங்கைத் தட்டினான்.

"சாப்பிட வெளிய போனாராம். ரேடியோவ எடுக்கலையாம்."

"பொண்டாட்டியப் பிரிஞ்சதுலேருந்து மனுஷன் எங்க தங்கறாரு, எங்க திங்கறாருன்னு ஒருத்தருக்கும் தெரியல. கேட்டா, வாடக கம்மிங்கறாரு. சரி, அந்தக் கான்ஸ்டபிள் வரலாம்ல?"

"ரெண்டு பேரில்லாம வரக்கூடாதாம். அதுவும் ஹாலரன் போட்ட விதிதான்."

"பேஷ்" என்றான் கஸ்.

ரேடியோ மறுபடி கரகரத்தது. "மார்வா, பக்கத்து வீட்டம்மா திரும்பவும் கூப்பிட்டாங்க. அந்த ஆள் தனியா இல்லையாம். உள்ள ஒரு பொம்பள இருக்காளாம். 'பதில் சொல்லு, பதில் சொல்லு'ன்னு ஒரே கத்தலாம்."

"நெஞ்சு வலிக்காரன்கிட்ட என்ன பதில வாங்கப் போறா?" என்றான் கஸ்.

"அதனால நீ ஏறவே ஏறாத. நான் ஹாலரன விடாமக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் ஷெரில்.

மார்வா கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொரு நிமிஷம். இன்னும் கொஞ்சம் போனா பொணத்தத்தான் எறக்கணும், கஸ்."

அவள் பையைத் தூக்கினாள். ரேடியோவை அணைத்தாள்.

"வேல போயிரும், மார்வா."

"போகட்டும்."

"கை போயிரும்."

"இன்னொண்ணு இருக்கு."

கஸ் தன் தலைவிதியை நொந்துகொண்டு, ஷாக் கொடுக்கும் பெட்டியோடு பின்னால் ஓடினான்.

இரண்டாம் மாடி தாண்டும்போதே மார்வாவுக்கு வாணலி கண்ணில் நின்றது. பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது. ஆனாலும் கால் ஏறிக்கொண்டே இருந்தது.

பி வீட்டுப் பூட்டில் சாவி வெளிப்பக்கமாகவே தொங்கியது. உள்ளே, சொன்னபடியே, ஒரு பெண் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கதவு ஒரு விரல்கடை திறந்தது.

"போகாதம்மா! அரை மணியா விடாமக் கத்தறா. பாவம் அந்த மனுஷன், முனகினதோட சரி, வாயே தொறக்கல."

"அரை மணியா?" என்றான் கஸ்.

"பயத்துல எனக்கு அப்படித்தாம்ப்பா இருக்கு" என்று கதவு சாத்திக்கொண்டது.

மார்வா சாவியைத் திருப்பித் தோளால் இடித்தாள்.

பிரிக்காத அட்டைப்பெட்டிகள். ஒரே ஒரு நாற்காலி. பாதி கடித்த சாண்ட்விச். பெண் யாரையும் காணோம். தரையில் போலீஸ் சீருடையில் குப்புறக் கிடந்தவரைப் புரட்டினாள். ஹாலரன்! நாடி மெலிதாக, ஆனால் இருந்தது.

அவர் தோளிலிருந்த ரேடியோவில் ஷெரில் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்: "பதில் சொல்லு, ஹாலரன், பதில் சொல்லு! அங்க ஒருத்தன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு செத்துக்கிட்டிருக்கான். நீ வந்தாத்தானேய்யா ஆம்புலன்ஸ் உள்ள போக முடியும்!"