உடைந்ததா, உடைத்ததா

எலும்பை உடைத்தது எதுவோ, அதன் உருவத்தை எங்கள் கருவி வெளிச்சத்தில் காட்டிவிடும். படிக்கட்டு, பைக், கதவு, சில நாள் ஒரு கை. அதைப் பார்த்து நான் ‘உடைந்தது’ அல்லது ‘உடைத்தது’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் கருவி மாவுக்கட்டுப் போடும். பதினொரு வருடமாக இதுதான் என் வேலை.

இன்று அந்த மேசையில் என் மகன் இனியன் படுத்திருந்தான். நான்கு வயது. மேல்கையில் சுருள் முறிவு. முறுக்கி இழுத்தால் எலும்பு அப்படித்தான் உடையும். சொந்தப் பிள்ளைக்கு நான் அழுத்தக் கூடாது என்பதால் பொத்தானருகே என் உதவியாளர் பெர்சிஸ் நின்றாள்.

வெளிச்சத்தில் ஒரு கை தெரிந்தது. கட்டைவிரலில் என் தழும்பு.

“ரோட்டுக்கு ஓடிட்டான் பெர்சிஸ். தண்ணி லாரி வந்துச்சு. புடிச்சு இழுத்தேன்.”

“லாரி தெரியலையேக்கா. கைதான் தெரியுது.”

லாரி அவனைத் தொடவே இல்லையே, எலும்புக்கு எப்படித் தெரியும்?

போன ஆடியில் ஒருத்தி இதையேதான் சொன்னாள். “பஸ் வந்துச்சும்மா, அதான் இழுத்தேன்.” எல்லாரும் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்து ‘உடைத்தது’ என்று அழுத்தினேன். கட்டின் ஈரம் காய்வதற்குள் அவள் மகளைக் காப்பகத்துக்குத் தூக்கிப் போனார்கள். கூடம் முழுக்க அந்தக் குழந்தை “அம்மா” என்று கத்தியது இன்னும் எனக்குக் கேட்கிறது.

பெர்சிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்தும்போது தாயின் முகத்தைப் பார்க்காதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.